தக்காயாமாவில் 119

ஜப்பானின் நடுமலைப் பகுதியில் இருக்கும் தக்காயாமாவில் எந்தக் கடைவாசலில் நின்றாலும் ஒரு சிவப்புத் துணிப் பொம்மை தொங்கிக்கொண்டிருக்கும். கைகால்களை விரித்து, மேலே ஒரு சின்ன உடுப்பும் தலையில் கறுப்புத் துணியும் கட்டியிருக்கும். முகம் மட்டும் இருக்காது. கண், மூக்கு, வாய் ஒன்றுமில்லாமல் வழவழவென்று ஒரு சிவப்பு உருண்டை. சாருபோபோ என்று பெயர். சாரு என்றால் குரங்கு; போபோ என்பது அந்த ஹிடா வட்டார வழக்கில் குழந்தை. அந்தக் காலத்தில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்த பொம்மை. இப்போது சாவிக்கொத்து, தலையணை, பிஸ்கட் டப்பா, காலுறை என்று எல்லாவற்றிலும் அதுதான்.

"முகமே வைக்காம ஒரு பொம்மை. பிள்ளைங்க பயப்படாதா?" என்றார் என் மாமியார். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சென்ற டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். நான், கணவர், ஏழு வயது மகள், பதினாறு மாத மகன், அத்தை. ஓசாகாவில் இறங்கி, ஷிங்கான்செனில் நாகோயா வந்து, அங்கிருந்து ஹிடா விரைவு ரயில். இந்தக் கடைசி இரண்டரை மணி நேரம்தான் என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் உயர்ந்தது. ரயில் ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மலைக்குள் ஏறுகிறது. வலப்பக்கம் ஓடிய ஆறு ஒரு பாலம் கடந்ததும் இடப்பக்கம் வந்துவிடும். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். கெரோ என்ற வெந்நீர் ஊற்று ஊரில் பாதி ரயில் காலியானது. பிறகு பனி தொடங்கியது.

பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய நகரம் தக்காயாமா. 2005-ல் சுற்றுவட்டாரக் கிராமங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்ததில் 2,177 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டது. பினாங்கு மாநிலத்தைப் போல இரண்டு மடங்கு. சிங்கப்பூரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு காடும் மலையும்தான். மக்கள் வசிக்கும் பழைய ஊரை நடந்தே சுற்றிவிடலாம். சன்மாச்சி என்ற பழைய தெருக்களில் கரிய மர வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சாக்கே மதுவடிக்கும் கடைகளின் முன்னால் தேவதாரு இலைகளைப் பந்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். புது மது இறங்கியதும் பச்சைப் பந்து தொங்கும். அது பழுப்பாக ஆக மதுவும் பதமாகிறது என்று கணக்கு.

ஹிடா வட்டாரம் தச்சர்களுக்குப் பேர்போனது. விளைச்சல் குறைந்த மலைநாடு என்பதால், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசுக்கு வரிக்குப் பதில் தச்சர்களை அனுப்பியிருக்கிறார்கள். நாரா, கியோட்டோ கோயில்களை எழுப்பியதில் அவர்கள் கைக்கும் பங்குண்டு. ஷோகன் ஆட்சியின் அலுவலகமான தக்காயாமா ஜின்யாவுக்குள் போனால் இந்தக் கைவண்ணம் தெரியும். 1692 முதல் 1868 வரை இந்த மலைநாட்டை நேரடியாக ஆண்ட இடம் அது. வரி அரிசி வைத்த கிடங்கும் இருக்கிறது, குற்றவாளிகளை விசாரித்த அறையும் இருக்கிறது. காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உறைந்த மரத்தரையில் காலுறையோடு நடக்க வேண்டும். அத்தை பாதியிலேயே "நீங்க பாத்துட்டு வாங்கம்மா" என்று வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மியாகாவா ஆற்றங்கரையில் காலைச் சந்தை. குளிர்காலத்தில் எட்டு மணிக்குத் தொடங்குகிறது. விற்பவர்களில் பலர் வயதான பெண்கள்; ஊறுகாய், ஆப்பிள், முள்ளங்கி, கையால் தைத்த சாருபோபோ. இந்த ஊர் டாங்கோவில் இனிப்பு இல்லை. அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் குத்தி, சோயா சாற்றில் முக்கி நெருப்பில் வாட்டித் தருகிறார்கள். மகள் மூன்று குச்சி தின்றாள். சின்னவன் ஒரு உருண்டையின் ஓரத்தை நக்கிப் பார்த்துவிட்டு அப்பாவின் ஜாக்கெட்டில் துடைத்தான். அன்று சனிக்கிழமை. அதுவரை அவன் நன்றாகத்தான் இருந்தான்.

மாலை ஆறு மணிக்குமேல் அவன் சிணுங்க ஆரம்பித்தான். நாங்கள் தங்கியிருந்தது குடும்பமாக நடத்தும் சிறிய ரியோக்கான் விடுதி. பாய் விரித்த அறை, தரையில் மெத்தை. இரவுச் சாப்பாட்டில் மக்னோலியா இலைமேல் மிசோவும் காளானும் வைத்துச் சின்ன அடுப்பில் சுட்டுத் தந்தார்கள். அத்தைக்கு அந்த வாசம் பிடித்துப்போனது. வாழையிலையில் சுட்டது போலவே இருக்கிறதென்றார். சின்னவன் ஒன்றும் தொடவில்லை. எட்டு மணிக்கு உடம்பு சுட்டது. வெப்பமானி 39.4 காட்டியது. எடைக்கு ஏற்ற அளவில் பெனடோல் மருந்து கொடுத்து, கனத்த உடையைக் கழற்றி, மார்போடு வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணி இருபது. அவன் உடம்பு என் கையில் திடீரென்று விறைத்தது. கண்கள் மேலே செருகிக்கொண்டன. பிறகு கையும் காலும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. உதடு நீலம் பாரித்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நான் பெற்ற பிள்ளைதான், ஆனால் அந்த முகத்தில் அவன் இல்லை.

நான் பாலர்பள்ளி ஆசிரியை. ஆண்டுக்கொரு முறை எங்களுக்கு முதலுதவி வகுப்பு நடக்கும். பஞ்சு அடைத்த பொம்மையை வைத்துச் சிரித்துக்கொண்டே கற்றதெல்லாம் அன்றிரவு எப்படித்தான் நினைவுக்கு வந்ததோ. அவனைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். "மணியப் பாருங்க, மணியப் பாருங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டார். அத்தை தேநீர்த் தட்டில் இருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பல் கட்டிக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொள்வான் என்ற பயம். "அத்தை, வாயில எதுவும் வேணாம்!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் கரண்டியைப் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கிள்ளான் வீட்டுச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். அதை நான் தடுக்கவில்லை. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

மகள் போட்ட சத்தத்தில் விடுதி அம்மாள் வந்துவிட்டார். ஒகாமி என்று மரியாதையாக அழைக்கப்படும் அந்த வீட்டுத் தலைவிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரே ஒரு பார்வை. "ஹிக்கிட்சுகே" என்றார். உடனே தொலைபேசிக்குப் போனார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் பொருள் தெரிந்துகொண்டேன். குழந்தைகளுக்கு வரும் வலிப்பை ஜப்பானிய வீடுகளில் அப்படித்தான் சொல்வார்களாம். அதில் உள்ள 'ஹிக்கி' என்பதற்கு இழுத்தல் என்று அர்த்தம். நாம் இழுப்பு என்கிறோம். மலாய்க்காரர்கள் சாவான் தாரிக் என்கிறார்கள்; தாரிக் என்றாலும் இழுப்பதுதான். மூன்று மொழிகளிலும் ஏதோ ஒரு தாய் இதே காட்சியைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கணவரின் கைப்பேசி காட்டிய கணக்கு அது. இழுப்பு நின்றது, உடம்பு தளர்ந்தது, கரகரத்த மூச்சு வந்தது. ஆனால் அவன் கண்விழிக்கவில்லை.

ஜப்பானில் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் ஒரே எண்தான்: 119. அழைத்தவுடன் "தீயா, அவசர நோயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கியூக்யூ என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும். அவசர மருத்துவ உதவி என்று அர்த்தம். ஆம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது, அயல்நாட்டவருக்கும் அப்படித்தான். ஒன்பதாவது நிமிடத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒகாமி என் தோளில் தன் கம்பளிக் கோட்டைப் போர்த்திவிட்டு, ஒரு பையையும் கையில் திணித்தார். மருத்துவமனையில் திறந்து பார்த்தபோதுதான் உள்ளே எங்கள் மூவருடைய காலணிகளும் இருப்பது தெரிந்தது. ஆம்புலன்சில் தூக்கிப்போகப்பட்டவர்கள் திரும்பி வரும்போது காலில் ஒன்றுமில்லாமல் நிற்பார்கள் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டியில் ஏறினோம். கதவைச் சாத்தினார்கள். வண்டி நகரவில்லை.

இது நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய கொஞ்சம் நேரமாகும். ஜப்பானில் ஆம்புலன்ஸ் நோயாளியை ஏற்றிக்கொண்டு நேராகப் பக்கத்து மருத்துவமனைக்குப் பாய்வதில்லை. முதலில் சோதிக்கிறார்கள். பிறகு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, இப்படி ஒரு நோயாளி, இன்ன வயது, இன்ன நிலை, ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்கிறார்கள். சரி என்று பதில் வந்த பிறகுதான் சக்கரம் சுழலும். அங்கே போனால் குழந்தை மருத்துவர் இல்லை, படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பும் நிலை வராமல் இருக்க இந்த ஏற்பாடு. பெரிய நகரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளைக் கேட்க வேண்டியும் வரும். நியாயம்தான். ஆனால் மயங்கிக் கிடக்கும் பிள்ளையோடு, நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவளிடம் அந்த நியாயத்தைச் சொல்ல முடியாது.

எங்களோடு இருந்த இளம் ஊழியர் அவன் விரலில் ஒரு கருவியை மாட்டினார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பினார். மொழிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தைத் தொடப்போன கணவர் கையை நிறுத்தினார். பட்டியலில் மலாய்! அதைத் தொட்டார். ஊழியர் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். கைப்பேசி ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பது போல் கேட்டது: "பெராப்பா உமோர் அனாக் அண்டா?"

என் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. அதுவரை அழவில்லை. பனி விழும் ஒரு மலையூரில், இரவு பத்து மணிக்கு, வீட்டில் கடைக்காரரோடும் பக்கத்து வீட்டு மக்சிக்கோடும் பேசும் பாஷையில் ஒரு குரல் வந்து என் பிள்ளையின் வயதைக் கேட்கிறது. பதினாறு மாதம் என்றேன். முன்பு சாவான் வந்ததுண்டா என்று கேட்டது. இல்லை. மருந்து ஒவ்வாமை? இல்லை. ஜப்பானின் தீயணைப்பு ஊழியர்களுக்காகவே உருவாக்கிய மொழிபெயர்ப்புச் செயலி அது. பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் உண்டு. தமிழைக் காணோம், அன்றிரவு அந்தக் குறை எனக்குத் தோன்றவில்லை.

ஏழு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. பாதி வழியில் சின்னவன் கண் திறந்து, முன்னால் இருந்த மூன்று தலைக்கவசங்களையும் பார்த்து, வீறிட்டு அழுதான். இளம் ஊழியர் இரண்டு கைகளையும் தட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அழுகை நல்ல செய்தி.

மருத்துவர் இளம்பெண். நிதானமான ஆங்கிலம். காது, தொண்டை, கழுத்து வளைகிறதா என்ற சோதனை, இரத்தத்தில் சர்க்கரை அளவு. எத்தனை நிமிடம் இழுத்தது, உடம்பின் இரண்டு பக்கமுமா ஒரு பக்கம் மட்டுமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கணவரின் நேரக் கணக்கைச் சொன்னதும் அவர் முகம் இளகியது. தடுப்பூசிப் பதிவு இருக்கிறதா என்றார். நம் கிளினிக் கெசிஹாத்தானில் தரும் குழந்தைப் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் கிளம்பும் முன்பே படமெடுத்து வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். மலாய்த் தலைப்புகள் புரியாவிட்டாலும் கட்டங்கள் புரிந்தன. இப்படித் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஒரே கையேடு தரும் வழக்கத்தை ஜப்பான் 1948-லேயே தொடங்கிவிட்டது. அங்கே எந்தக் குழந்தை மருத்துவரும் முதலில் நீட்டச் சொல்வது அந்தக் கையேட்டைத்தான்.

காய்ச்சல் வலிப்பு என்று சொன்னார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வரக்கூடியது. மேலைநாடுகளில் நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது என்றால், ஜப்பானில் ஆறு முதல் ஒன்பது பேருக்கு வருகிறது. அந்த ஒகாமி ஒரே பார்வையில் பெயர் சொன்னதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளைக்குக் கேடு வராது. மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலும், ஒரே நாளில் திரும்ப வந்தாலும், வலிப்பு நின்ற பிறகும் தெளிவு வராவிட்டாலும் கதை வேறு, தாமதிக்கவே கூடாது. "மருந்து கொடுத்தோமே டாக்டர், அப்புறமும் ஏன்?" என்று கணவர் கேட்டார். காய்ச்சல் மருந்து பிள்ளையின் அவதியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது என்றார். இதைப் பல பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. மருந்து கொடுத்தும் வந்துவிட்டதே என்று நொந்துகொள்பவர்களை என் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை, சின்னக் குழந்தை, ஊருக்குப் புதியவர்கள் என்பதால் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆளுயரக் கம்பித் தடுப்புள்ள கட்டிலுக்குள் அவனோடு நானும் சுருண்டு படுத்தேன். இரண்டு மணிக்கு ஒருமுறை தாதி வந்து அக்குளில் வெப்பமானி வைத்தார். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு முறை அவன் விரல் அசையும்போதும் என் நெஞ்சு நின்று ஓடியது.

மறுநாள் ஞாயிறு. கணக்குப் பிரிவு மூடியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜப்பானில் இரவிலும் விடுமுறையிலும் இது வழக்கம். கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. அரசுக் காப்பீட்டில் ஒரு புள்ளி பத்து யென். அந்தக் காப்பீடு இல்லாத பயணிகளுக்கு மருத்துவமனையே விலை வைக்கலாம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கும் இடங்களும் உண்டு. எங்களுக்கு வந்தது ரிங்கிட்டில் நான்கு இலக்கம். கட்டாமல் வந்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்: பாக்கி வைத்தவர்களின் விவரம் 2021 முதல் குடிநுழைவுத் துறைக்குப் போகிறது, அடுத்த முறை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும்.

எங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணில், அன்றிரவு நாற்பது நிமிடம் இசை கேட்டோம். பேசிய பிறகு கேட்ட காகிதங்கள்: ரசீது, ஷிந்தான்ஷோ எனும் மருத்துவச் சான்று, மெய்சாய்ஷோ எனும் விவரப் பட்டியல். இந்த இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். சான்றுக்குத் தனிக் கட்டணம். ஜப்பான் சுற்றுலா அமைப்பின் உதவி எண் 050-3816-2787. நாள் முழுதும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், நாங்கள் அழைத்தபோது உடனே எடுத்தார்கள்.

விடுதிக்குத் திரும்பியபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். பேரனை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அன்று பிற்பகல், அவன் தூங்கும்போது, அவராகவே சொன்னார். கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் அவர் வளர்ந்தவர். அறுபதுகளில், அவருக்கு எட்டு வயதில், தம்பிக்கு இப்படித்தான் ஜன்னி கண்டது. டிரெசர் வந்து பார்த்துவிட்டு டவுனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். லாரி கிளம்பவில்லை. டிரைவரைத் தேடி ஆள் போனது. பிறகு கிளம்பிய லாரி பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது.

"நேத்து ராத்திரி வண்டி நவராம நின்னுச்சே," என்றார் அத்தை. "இந்தப் பொம்பள என் கையப் புடிச்சுக்கிட்டே நின்னா. அவளுக்கு நான் என்ன சொல்லுவேன், எந்தப் பாஷையில சொல்லுவேன். ஏழு நிமிசம்னு நீங்க சொல்றீங்க. எனக்கு அது ஏழு நிமிசம் இல்ல."

பத்து வருடமாக அவர் மருமகள் நான். அவருக்குத் தம்பி இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியாது.

அடுத்த மூன்று நாளும் கியோட்டோவில் இருந்திருக்க வேண்டியவர்கள். ரத்து செய்தோம், ஒகாமி அறையை நீட்டித்துத் தந்தார். திங்களன்று, மகளின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், அவளையும் கணவரையும் ஷிராக்காவா-கோவுக்கு அனுப்பிவைத்தேன். பேருந்தில் ஐம்பது நிமிடம். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கிராமத்தின் புல் வேய்ந்த கூரைகள், பனி நிற்காமல் சரிய வேண்டும் என்பதற்காக, செங்குத்தாக இறங்குகின்றன. கும்பிட்ட கைகளைப் போல இருப்பதால் காஷோ என்று பெயர். கூரை மாற்றும் நாளில் ஊரே திரண்டு வந்து வேலை செய்யுமாம். நான் பார்க்கவில்லை, மகள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். "அம்மா, எல்லா வீடும் வணக்கம் சொல்லுது!"

நானும் அத்தையும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை மட்டும் நடந்தோம். அங்கே ஒரு கடையில் அத்தை சாருபோபோ ஒன்றைக் கையிலெடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பாட்டி தன் கைப்பேசி மொழிபெயர்ப்பில் பொறுமையாக விளக்கினார். சாரு என்றால் குரங்கு மட்டுமல்ல, போய்விடுதல் என்றும் ஒரு பொருள், நோய் போய்விடும். சிவப்பு எதற்கு? பெரியம்மைக்கு. அந்தக் காலத்தில் ஜப்பானில் அம்மை கண்ட பிள்ளையைச் சுற்றிச் சிவப்புத் துணி, சிவப்புப் படம், சிவப்புப் பொம்மை வைப்பார்கள். அம்மைத் தெய்வத்துக்குச் சிவப்பு பிடிக்கும் என்று சிலர், பயம் என்று சிலர். ஐசு பகுதியின் சிவப்புப் பசுப் பொம்மையும் இதே கதைதான். முகம் ஏன் இல்லை என்பதற்கு அவர் சொன்னது, வைத்திருப்பவர் சிரித்தால் அது சிரிக்கும், அழுதால் அழும். வேறு காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

"மாரியாத்தாளுக்கும் சிவப்புதானம்மா," என்றார் அத்தை என்னிடம். உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது 1980-ல். கிள்ளானிலும் ஹிடாவிலும் நிறம் மட்டும் மிச்சமிருக்கிறது.

செவ்வாய்க் காலை காய்ச்சல் முற்றிலும் விட்டிருந்தது. உடை மாற்றும்போது பார்த்தால் மார்பு, முதுகு, வயிறு எல்லாம் இளஞ்சிவப்புப் பொரிகள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கோ வேறு கவலை. மறுநாள் ஓசாகாவில் விமானம். உடம்பெல்லாம் பொரியோடு ஒரு குழந்தையை யார் ஏற்றுவார்கள்?

மருத்துவமனைக்கு ஓடினோம். அதே மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். மூன்று நாள் கடும் காய்ச்சல், அது விட்டதும் பொரி. குழந்தைகளுக்கு வரும் ரோசியோலா. ஜப்பானியத் தாய்மார் தொப்பாட்சு என்று சுருக்கிச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்குள் வந்து போய்விடும், காய்ச்சல் வலிப்பை அடிக்கடி இழுத்து வருவதும் இதுதான். இதற்குக் காரணமான வைரஸ் எது என்று 1988-ல் கண்டறிந்தவர்களே ஜப்பானியர்கள்தான், கோய்ச்சி யாமானிஷியும் அவர் குழுவினரும். பிள்ளைக்கு இருப்பது இன்னது, காய்ச்சல் இல்லை, பயணம் செய்யலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஓசாகாவில் விமான நிறுவன ஊழியர் அதை இரண்டு முறை படித்தார், மேலாளரை அழைத்தார், அவரும் படித்தார். சின்னவன் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துக் கீழே போட்டான். இருக்கை எண் கிடைத்தது.

காப்பீட்டுப் பணம் எட்டு வாரம் கழித்து வந்தது, ஆம்புலன்ஸ் ரசீது எங்கே என்ற இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பிறகு. இலவசத்துக்கு ரசீது கிடையாது என்று கணவர் பதில் எழுதினார்.

பிப்ரவரியில் பதினெட்டு மாத ஊசிக்குக் கிள்ளானில் எங்கள் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஜப்பானிய மருத்துவர் தந்த தாளை ஒட்டியிருந்தேன். மலாய்க்காரத் தாதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாவான் தாரிக்கா, புவான்?" என்று கேட்டார். எத்தனை நிமிடம் என்றார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்றேன். அதை எழுதிக்கொண்டார். அத்தை பேரனை மடியில் இறுக்கிப் பிடித்து, தொடையைத் துடைக்கும் பஞ்சின் பக்கம் அவன் கண் போகாமல் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.